அத்தானின் கழுத்து நரம்பு

தூக்கத்தின் விலை என் கடையில் முப்பத்தெட்டு. பத்து மாத்திரை உள்ள அட்டை ஒன்றுக்கு. அதற்கும் பேரம் பேசுவார்கள். "முப்பத்தஞ்சாப் போட்டுக்குங்க, பழகின கடைதானே" என்பார்கள். நாலு நாளாகக் கண் மூடாதவன், மூன்று ரூபாயைக் குறைப்பதற்காக இன்னும் கால் மணி நேரம் விழித்திருக்கத் தயாராக நிற்பான். மனிதர்கள் மேல் எனக்கு மரியாதை வருவது அப்போதுதான்.

நான் பேரத்தில் பிறந்து வளர்ந்தவன் ஐயா. அப்பாவுக்குப் பாத்திரக்கடை, பெரியப்பாவுக்கு ஜவுளி, சித்தப்பாவுக்குப் பழைய இரும்பு. அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டபோது, வயது முப்பத்தொன்று என்றார். அப்பா வாய்ப் பழக்கத்தில் "இருபத்தெட்டுன்னா முடிச்சிடலாம்" என்றார். அத்தான் சிரிக்காமல், "இருபத்தொம்பது. அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது" என்றார். அன்றே அவரை எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

பேச்சு எங்கேயோ போகிறது. நான் வந்த காரியத்தைச் சொல்கிறேன். என் கடையில் பில் போடும் அம்மாவை உங்கள் ஆட்கள் காலையில் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். அத்தானின் மாத்திரையை அந்த அம்மா கவனக்குறைவாக மாற்றிக் கொடுத்துவிட்டார், அதனால்தான் அவர் போய்விட்டார் என்று அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மாவை அனுப்பிவிடுங்கள். பத்தொன்பது வருடமாகக் கடை நடத்துகிறேன். என் கடையில் ஒரு மாத்திரை தவறுதலாக மாறியது கிடையாது. அப்படி ஒரு பேச்சு வெளியே போனால் நாளைக்கு எவன் படியேறுவான்? அந்த மாத்திரை மாறவில்லை ஐயா. மாற்றப்பட்டது. மாற்றியது நான். அதில் கவனக்குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பேனாவை மூடி மூடித் திறக்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள். எதிரே இருப்பவனுக்கு உங்கள் மனசு தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் நாங்கள் ஐந்து பேர் போக்கர் ஆடுவோம். டைல்ஸ் கடைக்காரரின் மாடியில். அவர், பல் டாக்டர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், அத்தான், நான். மாடி முழுக்க மாதிரிக் குளியலறைகள். குழாய் பளபளக்கும், தண்ணீர் வராது. நாற்காலி நாலுதான் உண்டு. ஐந்தாவது இருக்கை, விற்காமல் நின்றுபோன ஒரு வெள்ளைக் கம்மோடு. மூடி போட்டு மேசையருகே இழுத்து வைத்திருப்பார்கள். போன வாரம் அதிகமாகத் தோற்றவன் இந்த வாரம் அதில் உட்கார வேண்டும். காசுக்குப் பதிலாக மொசைக் சில்லுகள். வெள்ளைச் சில்லு ஐம்பது, நீலச் சில்லு நூறு. ஆட்டம் முடிந்ததும் காசாக மாற்றிக்கொள்வோம்.

போக்கர் தெரியாதென்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. இரண்டையும் சேர்த்து யாருக்கு நல்ல கட்டு அமைகிறதோ அவனுக்கு நடுவில் குவிந்தது எல்லாம். ஆனால் நல்ல சீட்டு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இருப்பதாக எதிராளி நம்பிச் சீட்டைக் கவிழ்த்துவிட்டால் போதும். எங்கள் குடும்பத் தொழிலும் இதுதான், இங்கே சரக்கு மட்டும் கிடையாது.

போன வருடம் முழுக்க அந்தக் கம்மோடில் உட்கார்ந்திருந்தவன் நான்.

"என்ன மருந்துக்கடை, மலச்சிக்கலா? வாரா வாரம் உட்கார்ந்தா எழுந்திருக்கவே மாட்டேங்கறீங்க" என்பார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"அதெல்லாம் இல்ல. வந்த காசை உடனே தண்ணி ஊத்தி விட்டுடறாரு, அதான் நிக்க மாட்டேங்குது" என்பார் பல் டாக்டர்.

அத்தான் மட்டும் தன் முன்னால் என் சில்லுகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருப்பார். அவர் எடைத் தராசு விற்கிறவர். முள் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்து முகமும் அப்படியே நின்றுபோனது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மேசையில் அவருக்குப் பெயர் 'கல்லு'. ராஜா ஜோடி கையில் இருந்தாலும் அந்த முகம்தான், ஒன்றுமில்லாமல் முழுப் பொய் சொன்னாலும் அந்த முகம்தான். விரல் நடுங்காது. நெற்றி வியர்க்காது. நான் தோற்ற காசில் முக்கால் பங்கு அவரிடம்தான் போயிற்று.

வருடம் பிறந்தபோது ஒரு கட்டுரை படித்தேன். போக்கரில் பெயரெடுத்த ஒருவர், புது வருடத்துக்கு இலக்கு வைப்பது எப்படி என்று எழுதியிருந்தார். 'இவ்வளவு ஜெயிப்பேன் என்று இலக்கு வைக்காதே. பலன் சீட்டின் கையில். சரியாகத் தீர்மானம் எடுத்தாயா என்பது மட்டும்தான் உன் கையில். பலனை வைத்துத் தீர்மானத்தை எடைபோடாதே' என்று இருந்தது. படித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. இத்தனை வயதில் இப்படி ஒரு வசதியான கருத்தை யாருமே எனக்குச் சொன்னதில்லை. ஐயா, நீங்களும் படித்துப் பார்க்கலாம். உங்கள் வேலைக்கும் பொருந்தும்.

ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டி மூடிக்குள் ஒட்டினேன். கோபத்தோடு ஆடக்கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஆடி முடித்ததும் எங்கே தப்பு என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது: எல்லோரையும் அரைகுறையாகப் பார்ப்பதைவிட, இந்த வருடம் ஒரே ஓர் ஆளை முழுசாகப் படிக்க வேண்டும்.

அக்கா கடைக்கு வந்தபோது அதைப் பார்த்தாள். "பரவாயில்லையேடா, உருப்படற வழி தெரியுது. உங்க அத்தானுக்கும் ஒண்ணு எழுதிக் குடு. மாத்திரைய ஒழுங்காப் போடணும்னு" என்றாள்.

"அது என் பொறுப்புக்கா" என்றேன். அதில் பொய் இல்லை.

சில வருடங்களுக்கு முன் அத்தானுக்கு ஒரு தடவை நெஞ்சு வலி வந்து பிழைத்தார். அதற்குப் பிறகு தினமும் மூன்று மாத்திரை. சர்க்கரைக்கு மஞ்சள், வயிற்றுக்கு ஒரு கேப்சூல், இதயத்துக்குச் சின்னதாக ஒரு வெள்ளை. அவருக்கு அட்டையைப் பார்த்துப் பிரிக்கத் தெரியாது. அதனால் ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கொண்டு வருவார், நான் நிரப்பிக் கொடுப்பேன். நிரப்புவதற்குக் கூலி வாங்கியதில்லை.

ஒரு நாள் ஒரு பெண் வந்தாள். பெரிய கூட்டத்தில் பேச வேண்டுமாம். "மைக்கப் பாத்தாலே கை நடுங்குது அண்ணே. படபடப்பு அடங்க ஒரு வெள்ளை மாத்திரை இருக்காமே, அதப் போட்டுக்கிட்டா கல்லு மாதிரி நிக்கலாம்னு ஃப்ரெண்டு சொன்னா" என்றாள். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமுடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த விஷயத்தில் நான் கறார்.

அவள் போன பிறகு, கல்லாவில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கல்லு மாதிரி.

அவள் கேட்டது அத்தானின் மாத்திரை. இதயம் ஓட்டமெடுக்காமல் கடிவாளம் போடுகிற மாத்திரை. குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் இதைப் போட்டுக்கொண்டு வந்தால் தடை செய்துவிடுவார்கள், கை நடுங்காது என்பதால். ஆக, அத்தான் கல்லு இல்லை. அந்த முகமும் விரலும் என் கடைச் சரக்கு. என்னிடம் வாங்கி, என் எதிரே உட்கார்ந்து, என்னையே தோற்கடித்துக்கொண்டிருந்தார். தெரிந்து செய்யவில்லைதான். அதனால்தான் இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சங்கடப்படுவார். நேர்மையான மனுஷன், ஆட்டத்தையே விட்டாலும் விட்டுவிடுவார்.

அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் இதயம் தறிகெட்டு ஓடும். வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் இதை நான் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆகவே நான் திடீரென்று நிறுத்தவில்லை. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம்தான் முழுசாக. இடத்தைக் காலியாகவும் விடவில்லை. அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு வைட்டமின் மாத்திரை இருக்கிறது. நல்ல கம்பெனி. மட்டமான சரக்கை அத்தானுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது வாரம் பார்த்துவிட்டேன். இடது காதுக்குக் கீழே, சட்டைக் காலருக்குச் சற்று மேலே ஒரு நரம்பு. தோலுக்குள் ஒரு குட்டி மீன் சிக்கிக்கொண்ட மாதிரித் துடித்தது. அத்தான் நூறு நூறாக நாலு நீலச் சில்லைத் தள்ளினார். முகம் பழைய முகம்தான். நான் நரம்பைப் பார்த்தேன். "காட்டுங்க அத்தான்" என்றேன். அவரிடம் ஒன்றுமே இல்லை.

"அட! எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றார். சந்தோஷமாகக் கேட்டார் ஐயா. தராசைச் சரியாகப் பிடித்த பையனைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி முதுகில் தட்டினார்.

அதற்குப் பிறகு, நரம்பு துடித்தால் பொய், துடிக்காவிட்டால் மெய். வாரா வாரம் சரியாக வந்தது. நான் நாற்காலிக்கு மாறினேன். அத்தான் கம்மோடுக்குப் போனார்.

"இந்த வயசுக்கு ஏத்த இடம்தான். நடுவுல எழுந்து போற வேலை மிச்சம்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். எல்லோரும் சிரித்தோம். எனக்குக் கோபம் வருவது அடியோடு நின்றுபோயிற்று. தண்ணீரும் குடித்தேன். ஒரு மனிதன் இலக்கு வைத்து வாழ்வதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது என்று எனக்கு அந்த நாட்களில்தான் தெரிந்தது. கடையில்கூட, "அண்ணே, முகத்துல ஒரு தெளிவு வந்திருக்கு" என்று பில் போடும் அம்மா சொன்னார்.

அத்தானுக்கு மாடி ஏறுவது கஷ்டமாகிவிட்டது என்பது உண்மை. பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்.

"மாப்ளே, நெஞ்சுக்குள்ள யாரோ கதவத் தட்டற மாதிரி இருக்குடா. அந்த வெள்ளை மாத்திரை வேலை செய்யுதா?"

"நல்லா வேலை செய்யுது அத்தான். எனக்குத் தெரியுது."

பல் டாக்டர் ஒரு நாள் சீட்டைக் கலைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "நிறம் சரியில்லையே. இதய டாக்டரப் போய் ஒரு தடவை பாத்துட்டு வாங்க. நான் பல்லுக்குக் கீழ பாக்கறதில்ல, இருந்தாலும் சொல்றேன்."

"அவருக்கு எதுக்குத் தண்டம் அழணும்? வீட்டுக்குள்ளேயே மருந்துக்கடை இருக்கு. மாப்ள பாத்துப்பான்" என்றார் அத்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அடுத்த மாசம் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். நிஜமாகவே கூட்டிப் போகத்தான் இருந்தேன். முதல் மூன்று மாதம் படிப்பது, பிறகு பழைய மாத்திரையைத் திரும்பக் கொடுத்துவிடுவது என்பதுதான் திட்டம். பாதியில் டாக்டரிடம் போனால் அதுவரை படித்ததெல்லாம் வீண். எங்கள் குடும்பத்தில் எதையும் வீணாக்கமாட்டோம்.

கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன்.

அன்று அத்தான் மேலே வந்ததும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார். எனக்கு வசதியாக இருந்தது. நாலைந்து ஆட்டம் சாதாரணமாகப் போயிற்று. அப்புறம் எனக்கு ஒரு ராணியும் ஓர் ஏஸும் வந்தன. நடுவில் ஒரு ராணி, ஒரு பத்து, ஓர் ஏழு, இரண்டு நாலு. ராணி ஜோடி, நாலு ஜோடி, மேலே ஏஸ். மோசமில்லை. மற்ற மூவரும் கவிழ்த்துவிட்டார்கள். மிஞ்சியது அத்தானும் நானும்.

அத்தான் தன் முன்னால் இருந்த சில்லுகள் அனைத்தையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார். ஒரு நீலச் சில்லு கை நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனியவில்லை.

நரம்பைப் பார்த்தேன். இதுவரை அப்படித் துடித்ததில்லை. நெற்றியில் வியர்வை. உதடு வெளுத்திருந்தது. இடது கையைத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். இந்த நிலையில் ஒருவர் என் கடைப் படியேறி வந்திருந்தால், பேசாதீர்கள் என்று உட்காரவைத்துவிட்டு ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போன் செய்திருப்பேன். இரண்டு பேரை அப்படிக் காப்பாற்றியும் இருக்கிறேன். ஆனால் நான் கடையில் இல்லை. மேசையில் இருந்தேன். மேசையில் ஒரே ஒரு கேள்விதான்: இருக்கிறதா, இல்லையா?

"மாப்ளே" என்றார் அத்தான். குரல் உள்ளிருந்து வந்தது. "கவுத்துடு. சொன்னாக் கேளு. உன் காசு போயிடும்."

பொய் சொல்கிறவன்தான் அப்படிக் கெஞ்சுவான் என்று அந்தக் கட்டுரையிலேயே இருந்தது.

நான் அவசரப்படவில்லை. சில்லுகளை எண்ணினேன். தண்ணீர் குடித்தேன். யோசிக்கும்போது எதிராளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று நிமிடமாவது இருக்கும். டிரைவிங் ஸ்கூல்காரர், "யோவ், சிக்னல் விழுந்து எவ்வளவு நேரமாச்சு, வண்டிய எடுங்க" என்றார். எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன்.

"காட்டுங்க அத்தான்."

அத்தான் சீட்டைத் திருப்பவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிறவர் போல வாயைத் திறந்தார். அப்படியே கம்மோடிலிருந்து பக்கவாட்டில் சரிந்து, சந்தன நிற டைல்ஸ் மேல் விழுந்தார்.

பல் டாக்டர் பாய்ந்துபோய்ப் பழக்கத்தில் முதலில் வாயைத் திறந்து பார்த்தார். அப்புறம்தான் நெஞ்சில் கைவைத்து அழுத்தத் தொடங்கினார். டைல்ஸ் கடைக்காரர் வண்டிக்குப் போன் செய்தார். முகவரி கேட்டால் கடையின் விளம்பர வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் அழுதுவிட்டார். எல்லோரும் தரையில் இருந்தார்கள். மேசையில் நான் மட்டும் இருந்தேன்.

அத்தானின் இரண்டு சீட்டையும் திருப்பிப் பார்த்தேன். ஆடி முடித்ததும் எங்கே தப்பு என்று பார்க்க வேண்டும் அல்லவா. பத்து, பத்து. நடுவில் இருந்ததோடு மூன்று பத்து, இரண்டு நாலு. எப்படிப் பார்த்தாலும் என்னைவிடப் பெரிய கட்டு. அவர் பொய் சொல்லவில்லை. நரம்புதான் வேறு எதையோ சொல்லியிருக்கிறது.

வண்டி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

இங்கே நான் என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஓர் அறிகுறியை மட்டும் நம்பித் தீர்மானம் எடுத்துவிட்டேன். நரம்பு துடிப்பதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று நினைத்துவிட்டேன். அனுபவசாலி செய்யக்கூடாத பிழை. அதற்காக நான் வருந்தாத நாள் இல்லை.

இது வெளியே வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு, அத்தானின் டப்பாவில் ஆறு அறை மாத்திரை மீதி இருப்பதை அக்கா பார்த்திருக்கிறாள். காசு கொடுத்து வாங்கியது, திருப்பிக் கொடுத்தால் ஏதாவது தேறும் என்று நினைத்திருக்கிறாள். என் கடையில் 'பிரித்த மாத்திரை திரும்பப் பெறமாட்டோம்' என்று பலகை மாட்டியிருக்கிறேன். அக்காவுக்கும் அதே பலகைதான். அது தெரிந்தவள், இரண்டு தெரு தள்ளி இன்னொரு மருந்துக்கடைக்குப் போய் டப்பாவைத் திறந்து பேரம் பேசியிருக்கிறாள். அவன் மாத்திரையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மஞ்சளும் கேப்சூலும் சரிம்மா. இந்த வெள்ளை வைட்டமின்மா. இதய மாத்திரை எங்க?" என்று கேட்டிருக்கிறான்.

ஓடி வந்தாள். "தம்பி, உன் கடையில யாரோ மாத்திப் போட்டுட்டாங்கடா. நீ நிரப்பறப்ப அட்டைய எடுத்துக் குடுக்கற அந்தப் பொம்பளைதான். பேசிக்கிட்டே வேலை செய்வா, நானே பாத்திருக்கேன். அவள விடக்கூடாதுடா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். என்மேல் அவளுக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும். அக்காவுக்கு முகத்தில் எதையும் மறைக்க வராது, நல்லவேளை அவள் சீட்டாடுவதில்லை.

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் துக்கத்தில் இருப்பவளிடம் ஆட்டத்தின் நுணுக்கத்தையெல்லாம் விளக்க முடியாது. உங்களுக்குப் புரியும்.

நான் அத்தானைக் கொல்ல நினைக்கவில்லை ஐயா. அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவரைப் படிக்க நினைத்தேன். அவரை என் அளவுக்கு யாரும் கூர்ந்து பார்த்திருக்கமாட்டார்கள், அக்கா உட்பட. தீர்மானம் வரைக்கும்தான் என் பொறுப்பு. மற்றது பலன்.

அவருக்கும் எனக்கும் கணக்கு பாக்கி வைக்கக்கூடாது என்று வீட்டில் உட்கார்ந்து முழுவதும் பார்த்துவிட்டேன். சொல்கிறேன், எழுதுங்கள். கடைசி ஆட்டத்தில் நடுவில் கிடந்தது ஒன்பதாயிரத்து இருநூறு. சீட்டை அவர் கையால் காட்டாததால் அது எனக்குத்தான் சேரும் என்று டைல்ஸ் கடைக்காரர் சொன்னார். பல் டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு வாதம் வேண்டாம் என்று முழுவதையும் அக்கா கையில் கொடுத்துவிட்டேன். கீழே விழுந்த நீலச் சில்லையும் சேர்த்துத்தான். அது நேராகிவிட்டது. அடுத்து, மாத்திரை. அத்தான் என்னிடம் காசு கொடுத்தது இதய மாத்திரைக்கு: எட்டு அட்டை, அட்டை இருபத்திரண்டு வீதம் நூற்று எழுபத்தாறு. நான் கொடுத்தது வைட்டமின்: எட்டு அட்டை, அட்டை ஐம்பத்தேழு வீதம் நானூற்று ஐம்பத்தாறு. கழித்தால் இருநூற்று எண்பது, அக்கா எனக்குத் தர வேண்டியது. தள்ளுபடி என்று போட்டுவிடாதீர்கள் ஐயா. நிலுவை என்று போடுங்கள்.